விமானியின் தகுதி

முதுகுளத்தூர் வானம் பார்த்த பூமி. மழை வேண்டி வானை நோக்குதல் இந்நிலத்தார்க்குப் பழகிய செயல். இதே மாவட்டத்தின் உச்சிப்புளியில், 2009-ஆம் ஆண்டு முதல் ‘பருந்து’ என்னும் பெயருடைய கடற்படை விமானத் தளம் உள்ளது. அங்கிருந்து எழும் விமானத்தைக் காணும் இளைஞன், தானும் பறக்க விழைதல் இயல்பே. ஆயினும் விழைவு வேறு, தகுதி வேறு.

ஊதியம் பெற்று விமானம் செலுத்த விரும்புவோர் வணிக விமானி உரிமம் பெறல் வேண்டும். அதற்கு அகவை 18 நிரம்புதல் வேண்டும். உடல்நலத்திற்கு மருத்துவர் சான்று வேண்டும். வானிலை, வழியறிதல், விமானச் சட்டம் முதலியவற்றில் தேர்வு உண்டு. நம் நாட்டு விதிப்படி 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அவற்றுள் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்றுச் செலுத்தியதாதல் வேண்டும். முகிலும் இருளும் சூழ்ந்தவிடத்துக் கருவிகளை மட்டுமே நம்பிப் பறத்தற்குத் தனித்தகுதி உண்டு. பெரிய விமானங்களை ஓட்ட ஒவ்வொரு வகைக்கும் தனிப்பயிற்சி வேண்டும். உயர்நிலை உரிமத்திற்கோ 1500 மணி நேரம் வேண்டும்.

இவ்வளவும் மிகையன்றோ எனச் சிலர் வினவலாம். மிகையன்று. மாணவன் கணக்கில் தவறினால் இழப்பது மதிப்பெண். விமானி தவறினால் இழப்பது பல உயிர்கள். 2011-ஆம் ஆண்டில், போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் நம் நாட்டிற் கைது செய்யப்பட்டனர். பயிற்சியிற் செய்யும் பொய், வானத்தில் மறையாது.

எனினும், இப்பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகின்றது. ஆதலின் அறிவும் உறுதியும் உடைய ஏழை மாணவன், தேர்வுக் கூடத்தை அணுகுமுன்னரே தோற்றவனாகிறான். இது முறையன்று. விதியைத் தளர்த்துதல் இதற்கு மருந்தாகாது. தகுதியுடையார்க்கு அரசே பொருளுதவி அளித்தலே மருந்தாகும்.

இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் விமானப் படைத் தேர்வில் 25 பேருள் ஒன்பதாமவராக வந்தார், எண்மரே கொள்ளப்பட்டனர். அவர் துவண்டு ஒழிந்தாரல்லர். வேறு வழியில் உழைத்து உயர்ந்தார். 2006-ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவராக இருந்தபோது சுகோய்ப் போர் விமானத்திற் பறந்தார். தோல்வியுற்றாலும் அவர் அத்தேர்வுக் களத்தில் நிற்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அளவுகோல் யாவர்க்கும் ஒன்றாக இருக்கட்டும். அதன்முன் வந்து நிற்கும் வாய்ப்பும் யாவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.