தேசிய விருதைக் கம்ப்யூட்டர் கணிக்குமா?

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், ஆஸ்கர் யாருக்கு, தேசிய விருது யாருக்கு என்று இன்டர்நெட்டில் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் இந்த வேலையை டீக்கடை பெஞ்சும் வார இதழ்களும் செய்துகொண்டிருந்தன. இப்போது "எங்கள் ஏஐ கணித்துவிட்டது" என்று போட்டு, பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கையும் எழுதிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை இருக்கும். பார்க்கவே மிரட்டலாக இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் அப்படி ஒரு பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "ஏனுங்க தம்பி, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லுதே, இதுக்கு மேல மாறுமாங்க?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோருக்கும் வரக்கூடிய சந்தேகம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

திருவிழாக் கடைகளில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' பார்த்திருப்பீர்கள். பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டினால் பிரிண்டரில் தாள் தாளாக வந்து விழும். உள்ளே இருப்பது பஞ்சாங்கத்தில் உள்ள அதே கணக்குதான். கம்ப்யூட்டர் அதை வேகமாகச் செய்து அழகாக அச்சடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். விருதுக் கணிப்பும் அப்படித்தான். உள்ளே போடும் தகவல் சரியாக இருந்தால் வெளியே வருவதற்கு மதிப்பு உண்டு. தகவலே இல்லாவிட்டால்?

முதலில் தகவல் நிறையக் கிடைக்கும் ஒரு விருதைப் பார்ப்போம். அது ஆஸ்கர். அங்கே ஓட்டுப் போடுபவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். எல்லோரும் சினிமாத் தொழிலில் இருப்பவர்கள். அவர்களில் பலர் இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் என்று தனித்தனிச் சங்கங்களிலும் உறுப்பினர்கள். அந்தச் சங்கங்கள் ஆஸ்கருக்குச் சில வாரங்கள் முன்பே தங்கள் விருதுகளைக் கொடுத்துவிடுகின்றன. அதாவது தேர்தலுக்கு முன்பே அதே வாக்காளர்களில் ஒரு பகுதியினர் வெளிப்படையாக ஓட்டுப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். எக்ஸெல் இருந்தால் எக்ஸெல், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் காலத்தில் ஆண்டு, இரண்டாவதில் அமெரிக்க இயக்குநர் சங்க விருது பெற்றவர், மூன்றாவதில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்றவர். 1940களின் இறுதியிலிருந்து 2024-ம் ஆண்டுப் படங்கள் வரை நிரப்பிப் பாருங்கள். எழுபத்தைந்து வரிசைக்கு மேல் வரும். இரண்டு பெயரும் பொருந்தாத வரிசைகள் எட்டே எட்டு. அதில் ஒன்று 2012-ம் ஆண்டுப் படங்களுக்கானது. சங்க விருது 'ஆர்கோ' இயக்கிய பென் அஃப்லெக்குக்குப் போனது. ஆஸ்கரில் அவருக்கு இயக்குநர் நாமினேஷனே கிடைக்கவில்லை. புதுச்சேரியில் கதை தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக ஆங் லீ அதை வாங்கினார். அதே படத்தில் தமிழ்த் தாலாட்டுக்காக பாம்பே ஜெயஸ்ரீ நாமினேஷன் பெற்றதும், ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கிய 'ஸ்கைஃபால்' பாட்டுக்கே ஆஸ்கரும் போனதும் சிலருக்கு நினைவிருக்கும்.

ஏ.ஆர்.ரஹ்மான் 2009 பிப்ரவரியில் இரண்டு ஆஸ்கர் வாங்கியபோது நமக்கு இன்ப அதிர்ச்சி. ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதிர்ச்சி இல்லை. ஜனவரியிலேயே கோல்டன் குளோப் வந்துவிட்டது. 'நாட்டு நாட்டு' பாட்டும் அப்படித்தான். 2023 ஜனவரியில் கோல்டன் குளோப், மார்ச்சில் ஆஸ்கர்.

அதே மார்ச் இரவில் நம் பக்கத்து மலைக்கும் ஓர் ஆஸ்கர் வந்தது. முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு என்ற யானைக் குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றி கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்'. குறும் ஆவணப்படப் பிரிவு. கோல்டன் குளோபில் ஆவணப்படத்துக்குப் பிரிவே கிடையாது. பெரிய சங்க விருதுகளின் தடமும் இந்தப் பிரிவுக்கு மிகவும் குறைவு. ஒரே விழா, ஒரே வாக்காளர்கள்தான். ஆனாலும் பாட்டுக்குப் போட்ட கணக்கை இதற்குப் போட முடியாது. கம்ப்யூட்டருக்குத் திறமை போதவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. காட்டில் காலடித் தடம் இருந்தால்தானே யானை எந்தப் பக்கம் போனது என்று சொல்ல முடியும்!

இப்போது நம் தேசிய விருதுக்கு வருவோம். இங்கே தடம் என்று எதுவுமே இல்லை.

பத்தாயிரம் பேர் ஓட்டுப் போடுவதில்லை. மண்டலக் குழுக்கள் ஐந்து, அவை அனுப்புவதைப் பார்க்கும் மத்தியக் குழு ஒன்று. மத்தியக் குழுவை ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அத்தனை பேர்தான். அவர்கள் படம் பார்த்து, உட்கார்ந்து பேசி முடிவு எடுக்கிறார்கள். தலைவரும் மாறிக்கொண்டே இருக்கிறார். 68-வது விருதுக்கு விபுல் ஷா, 69-வதுக்கு கேதன் மேத்தா, 70-வதுக்கு ராகுல் ரவைல், 71-வதுக்கு அசுதோஷ் கோவாரிகர். போன வருடக் குழுவின் ரசனையை வைத்து இந்த வருடக் குழுவைக் கணிப்பது, போன வருட வாக்காளர் பட்டியலை வைத்து வேறு தொகுதியில் ஜெயிப்பவரைச் சொல்வது போல.

அடுத்து ஆண்டுக் குழப்பம். படம் எந்த ஆண்டு தியேட்டருக்கு வந்தது என்பது இங்கே கணக்கில்லை. எந்த ஆண்டு சென்சார் சான்றிதழ் வாங்கியது என்பதுதான் கணக்கு. 'ஆர்ஆர்ஆர்' 2022 மார்ச்சில் வெளியானது. ஆனால் 2021-க்கான விருதில்தான் ஆறு பரிசு வாங்கியது. அந்த முடிவு வந்தது 2023 ஆகஸ்டில். ஒரே படத்துக்கு மூன்று ஆண்டுகள்! கணிப்புப் பட்டியல் போடும் பல பக்கங்கள் இந்த முதல் படியிலேயே வழுக்கி விழுகின்றன. ரிலீஸ் தேதியை வைத்துப் படங்களைச் சேர்த்தால், போட்டியிலேயே இல்லாத படத்துக்கும் சதவீதம் போட்டுக்கொண்டிருப்போம். (நம் மாநில அரசு விருது இன்னும் மேல். 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டுகளுக்கானதை 2017 ஜூலையில் மொத்தமாக அறிவித்து, 2022 செப்டம்பரில் கொடுத்தார்கள். கணித்தவருக்கே கணித்தது மறந்திருக்கும்.)

சரி, பழைய முடிவுகளையாவது எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கலாமே என்று நான் உட்கார்ந்தேன். 58-வது முதல் 71-வது வரை, 2010 முதல் 2023 வரையிலான படங்களுக்கு, சிறந்த நடிகர் விருது மட்டும். 14 விருது ஆண்டுகள். பெயர்கள் எத்தனை தெரியுமா? 21. ஏனென்றால் 14-ல் 7 முறை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். 'ஆடுகளம்' தனுஷ், சலீம் குமாருடன் பகிர்ந்தார். 'அசுரன்' தனுஷ், மனோஜ் பாஜ்பாயியுடன். 'சூரரைப் போற்று' சூர்யா, அஜய் தேவ்கனுடன். 71-வதில் ஷாருக்கானும் விக்ராந்த் மாஸியும். தமிழ்ப் படத்துக்குக் கிடைத்த மூன்று முறையும் பாதிப் பங்குதான் என்பதை டேபிளைப் பார்த்தபோதுதான் நானே கவனித்தேன். ஆஸ்கரில் சிறந்த நடிகர் விருது இப்படிப் பகிரப்பட்டது இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, 1932-ல்.

இந்த டேபிளை வைத்து என்னாலும் கணிப்பு எழுத முடியும். 21 பெயரில் 10 இந்திப் படங்கள், எனவே அடுத்த முறை இந்திக்கு வாய்ப்பு 47.62 சதவீதம் என்று. தப்பில்லாத வகுத்தல் கணக்கு. ஆனால் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 14 வரிசையை வைத்து 15-வது வரிசையைச் சொல்லும் தைரியம் எந்த நல்ல புரோகிராமருக்கும் வராது. நல்லாண்டி என்ற விவசாயியை நினைத்துப் பாருங்கள். 'கடைசி விவசாயி' படத்தில் நடித்தார். படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார். 69-வது விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. தொழில்முறை நடிகரே அல்லாத ஒருவரை, பழைய ரெக்கார்டை வைத்துக் கணக்குப் போடும் எந்த சாப்ட்வேர் கண்டுபிடித்திருக்கும்?

சாட்பாட்டிடம் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதே கேள்வியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய சாட் திறந்து கேளுங்கள். பதில்கள் மாறினால், சொன்ன சதவீதங்களும் மாறினால், அது கணக்குப் போடவில்லை, கணக்குப் போட்டவர் மாதிரிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

'யாருக்கு விருது கிடைத்தால் நமக்கென்ன தம்பி, பொழுதுபோக்குதானே' என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 69-வது விருது அறிவிக்கப்பட்ட அன்று 'ஜெய் பீம்' பட்டியலில் இல்லை. வருத்தம் இயல்பு. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் "எல்லாக் கணிப்பிலும் இருந்ததே, அப்படியானால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது" என்று பேசுவது வேறு விஷயம். தடமே இல்லாத இடத்தில் போட்ட ஒரு சதவீதம், குழுவில் உட்கார்ந்தவர்கள் மீது சாட்சி ஆகிவிடுகிறது. குழு தவறே செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. தவறு செய்ததா இல்லையா என்று பார்க்க நம்மிடம் எந்தத் தகவலும் இல்லை என்கிறேன்.

தகவல் இல்லாததற்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல, விருது கொடுக்கும் முறை. ஆஸ்கரில் ஐந்து பேர் நாமினேஷன் பெற்று நால்வர் தோற்றால், அந்த நால்வர் யாரென்று உலகத்துக்கே தெரியும். தோற்றவருக்கும் அது ஒரு கௌரவம். தேசிய விருதில் அப்படி ஒரு நாமினேஷன் பட்டியல் அறிவிக்கப்படுவதில்லை. ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் வரும். ஒரு சிறிய தமிழ்ப் படம் மண்டலக் குழுவைத் தாண்டி மத்தியக் குழு வரை போய், கடைசி நேரத்தில் தவறிப்போயிருக்கலாம். அதை எடுத்தவருக்கு அந்தப் பெருமை கிடைப்பதில்லை.

முன்கூட்டியே பட்டியலை வெளியிட்டால் சிபாரிசும் நெருக்கடியும் வரும் என்று சொல்வார்கள். நியாயமான பயம்தான். ஆஸ்கருக்காக ஹாலிவுட் கம்பெனிகள் விளம்பரத்தில் கொட்டும் பணத்தை நாமும் பார்க்கிறோம். அதனால் முன்கூட்டி வேண்டாம். விருது அறிவிக்கும் அதே நாளில், மண்டலக் குழுக்கள் பரிந்துரைத்த பெயர்களையும் சேர்த்து வெளியிடட்டும். எக்ஸெல்லில் திறக்கக்கூடிய ஒரு சாதாரண பைலாக இருந்தால் போதும். ஐந்து வருடம் அப்படிச் செய்தால் கணிப்பதற்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். சந்தேகப்படுபவரும் பைலைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவார்.

கோவைக்காரர்களுக்கு இதில் தனி உரிமையே உண்டு என்பேன். தமிழ்ப் படத்துக்கான முதல் ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் 1954-ம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் நம் ஊர் பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ள'னுக்குத்தான் வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு இயக்கியது, நாமக்கல் கவிஞரின் கதை, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. அந்த ஆண்டு இன்னொரு நல்ல வழக்கம் இருந்தது. பதக்கம் பெற்ற படத்தோடு நிற்காமல், அதற்கு அடுத்த நிலையில் வந்த 'அந்த நாள்', 'எதிர்பாராதது' இரண்டுக்கும் தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதனால்தான் இத்தனை காலம் கழித்தும், போட்டியில் யார் யார் முன்னால் இருந்தார்கள் என்று இன்று உட்கார்ந்து டைப் செய்ய முடிகிறது.

அடுத்த முறை விருது நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் "வெற்றியாளர் பட்டியல் கசிந்தது, பார்க்க இங்கே கிளிக் செய்யவும்" என்று ஏதாவது வந்தால் கிளிக் செய்யாதீர்கள். கணிப்புக்குப் பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. உண்மையான பட்டியல் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத் தளத்தில் இலவசமாகவே வரும். எங்கள் தெரு மாமாவுக்கு அந்தத் தளத்தை புக்மார்க் செய்து கொடுத்திருக்கிறேன். அவர் தன் கணிப்பையும் ஒரு எக்ஸெல் பைலில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். காட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறார், பாஸ்வேர்ட் வேறு போட்டிருக்கிறார்.