பைக்கு மாலை, கைக்கு என்ன கூலி?

மஞ்சள் பை! அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே முகம் சுளித்த சீமான்கள் எத்தனை பேர்! கக்கத்திலே மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு ஒருவன் எழும்பூர் ரயில் நிலையத்திலே இறங்கினால் போதும், "பட்டிக்காட்டான் வந்துவிட்டான் பார்" என்று பரிகாசம் செய்தது பட்டணம். படக்கொட்டகையிலே சிரிப்பொலி கேட்க வேண்டுமா? கோமாளியின் கையிலே கொடு ஒரு மஞ்சள் பையை என்றார்கள். பையைப் பார்த்துச் சிரித்ததாக எண்ணாதீர்கள், தோழர்களே! பையைச் சுமந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பைக்குள்ளே என்ன இருந்தது? நிலத்துப் பத்திரம் இருந்தது. நீதிமன்றத்துக் கட்டு இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சிலேட்டும் புத்தகமும் இருந்தன. வெளியூர் வேலைக்குப் போகிறவனின் மாற்று வேட்டி இருந்தது. திருமண வீட்டிலே தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுத் தந்த பை அது. மணமக்கள் பெயரை அச்சிட்டுத் தந்த பை அது. விருந்து முடிந்த பிறகும் வீட்டிலே நின்று, சந்தைக்குப் போய், ரேஷன் கடைக்குப் போய், கிழிந்த பிறகு கரித்துணியாகி அடுப்படியிலும் உழைத்த பை அது. ஏழையின் பெட்டி அதுதான். ஏழையின் பெட்டகமும் அதுதான்.

இன்று அந்தப் பைக்கு மாலை விழுகிறது. மேடையிலே ஏற்றுகிறார்கள். கண்ணாடி அலமாரியிலே வைத்து, சுற்றிலும் விளக்குப் போட்டு, "கையால் தைத்தது" என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். எள்ளி நகையாடியவர்களே அள்ளிக்கொண்டு போகிறார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் ஒன்று கேட்போம். பைக்கு மாலை போட்டீர்களே, தைத்த கைக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்?

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். கைப்பிடியோடு கூடிய மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு 1965ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றது சுவீடன் நாட்டு செல்லோபிளாஸ்ட் நிறுவனம். வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாப் துலின். நாளடைவிலே அது உலகெங்கும் பரவியது. கடைக்காரர் இலவசமாகத் தந்தார், கையை வீசிக்கொண்டு போகலாமே என்று மகிழ்ந்தோம். இலவசமாக வந்தது வெறுங்கையோடு போகவில்லை. வடிகாலை அடைத்தது, வாய்க்காலை அடைத்தது, மேயப் போன மாட்டின் வயிற்றையும் அடைத்தது. வங்கதேசத்திலே 1988ஆம் ஆண்டும் 1998ஆம் ஆண்டும் பெருவெள்ளம் வந்தபோது, தண்ணீர் வடியும் வழிகளை இந்தப் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்டார்கள். 2002ஆம் ஆண்டு அந்த நாடு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டது. உலகிலேயே அப்படித் தடை செய்த முதல் நாடு அதுதான். பணக்கார நாடு அல்ல, பட்டுத் தெரிந்துகொண்ட நாடு!

தமிழ்நாட்டிலே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூனிலே கோயம்பேடு சந்தையிலே பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரத்தையே நிறுத்தினார்கள். பரிகாசத்துக்கு ஆளான பை பரிகாரமாக வந்து நின்றது!

இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுவோம். மாற்றார் சொல்லி நாம் கேட்பதைவிட, நாமே சொல்லி நாமே பதிலும் தருவது நல்லது.

பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் துறை, 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, ஒரு புதிய பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பக் கணக்கிலே, ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று சொன்னது. வாரத்துக்கு இருமுறை சந்தைக்குப் போகிறவருக்கு ஓராண்டும் மூன்று மாதமும் ஆகும். டென்மார்க் நாட்டு ஆய்வு 2018ஆம் ஆண்டு வந்தது. வெப்பக் கணக்கு மட்டும் என்றால் 52 முறை, எல்லாக் கேடுகளையும் சேர்த்தால் 7,100 முறை என்றது அது!

"பார்த்தீர்களா, பிளாஸ்டிக்கே மேல்!" என்று துள்ளிக் குதிக்கிறார்கள் சிலர். குதிக்க வேண்டாம். அந்த டென்மார்க் கணக்கிலே, தெருவிலே எறியப்பட்ட பை செய்யும் கேடு சேர்க்கப்படவில்லை. அடைபட்ட சாக்கடைக்கு அதிலே வரி இல்லை. செத்த மாட்டுக்கு அதிலே இடமில்லை. மேலும் அது புதிய துணிக்குப் போட்ட கணக்கு. அப்பாவின் பழைய வேட்டியைப் பையாக்கினால்? தையற்கடையிலே மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டுப் பையாக்கினால்? அதற்காக ஒரு புதிய பருத்திச் செடி நட வேண்டியதில்லை!

ஆனாலும் அந்தக் கணக்கு ஒரு பாடத்தை அழுத்தமாகச் சொல்கிறது. துணியாய் இருப்பதாலே மட்டும் ஒரு பை உயர்ந்ததாகிவிடாது. நெடுநாள் உழைத்தால்தான் உயர்ந்தது. ஆகவே, விழாவுக்கு ஒரு பை, கூட்டத்துக்கு ஒரு பை, கடை திறப்புக்கு ஒரு பை என்று வாரி வழங்குவது தொண்டாகாது. அலமாரிக்குள்ளே அடுக்கி வைத்த இருபது பைகள், அறுவடை செய்து அழுகவிட்ட நெல்லுக்குச் சமம். நம் தோழர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாநாட்டுக்கு மாநாடு புதுப் பை கேட்காதீர்கள். சென்ற ஆண்டு தந்த பையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நெடுநாள் உழைக்கும் பை எப்படிப் பிறக்கிறது? விரலிலே பிறக்கிறது! ஈரோட்டுச் சந்தையிலே வாங்கிய காடாத் துணியானாலும், வீட்டிலே கிடந்த பழந்துணியானாலும், முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கும். நூலோட்டம் பார்த்து நேராக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால் பாரம் ஏறியதும் பை ஒரு பக்கம் இழுக்கும். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். பை கிழிவது பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்திலேதான். அங்கே சதுரமாக ஒரு தையல், அதற்குள்ளே மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் ஒரு தையல், உட்புறம் ஒரு ஒட்டுத் துணி. இவ்வளவும் செய்தால் ஐந்து கிலோ அரிசிக்கும் அசையாது. இவ்வளவும் செய்ய நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குத்தான் கூலி தர மறுக்கிறார்கள்!

பிரம்புப் பையின் கதை இன்னும் பெரிது. நம் வீட்டுப் பரணிலே பாட்டி வைத்துப் போன பிரம்புக் கூடையோ கைப்பையோ கிடக்கலாம். கைப்பிடி அறுந்திருக்கும், ஓரிடத்திலே பின்னல் முறிந்திருக்கும், தூசி படிந்திருக்கும். "போகிக்குப் போட்டுவிடு" என்பார்கள். போடாதீர்கள்! பிரம்பு மூங்கிலைப் போல உள்ளீடற்ற புல் அல்ல. அது கொடியாகப் படரும் பனையினம், உள்ளே கெட்டியானது, நனைத்தால் வளையும், காய்ந்தால் இறுகும். அதனாலே முறிந்த பின்னலை மாற்ற முடியும்.

மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, சோப்பு நீர் தோய்த்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலிலே காற்றாட உலர்த்த வேண்டும். சுள்ளென்ற வெயிலிலே வைத்தால் வெடிக்கும். முறிந்த இழையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீரிலே ஊறிய புதுப் பிரம்புப் பட்டையை, பழைய பின்னல் போன வழியிலேயே மேலும் கீழுமாகச் செலுத்தி, நுனியை உட்புறம் செருகிவிட வேண்டும். காய்ந்ததும் அது தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடிக்குப் பட்டை சுற்றி, உள்ளே நைந்த துணியைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதுத் துணி வெட்டித் தைத்தால், பாட்டியின் பை பேத்தியின் கைக்குப் போகும். சீர்காழிக்கு அருகே தைக்கால் என்ற ஊர் உண்டு. பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே போய்ப் பாருங்கள், பட்டை சீவும் கையிலே எத்தனை காயத் தழும்பு என்று!

இந்தக் கூடையைப் பற்றி இன்னொரு செய்தி. ஜேன் பர்க்கின் என்ற நடிகை, இங்கிலாந்திலே பிறந்து பிரான்சிலே புகழ் பெற்றவர், எங்கே போனாலும் ஒரு பின்னல் கூடையைக் கையிலே மாட்டிக்கொண்டு போவார். விமானப் பயணத்திலே அவருக்குப் பக்கத்திலே எர்மெஸ் நிறுவனத் தலைவர் அமர்ந்திருந்தாராம். தனக்கு ஏற்ற பை கிடைக்கவில்லை என்றாராம் நடிகை. அந்தப் பேச்சிலே பிறந்தது, 1980களிலே அவர் பெயரிலேயே வந்த தோல் பை. அவருக்கென்று செய்த முதற் பை 2025 ஜூலை 10 அன்று பாரிசிலே ஏலம் போயிற்று. எவ்வளவுக்கு? 86 லட்சம் யூரோவுக்கு! நம் பணத்திலே ஏறத்தாழ 86 கோடி ரூபாய்! கூடையின் இடத்துக்கு வந்த பைக்குக் கோடி, கூடை முடைந்தவனுக்குத் தெருக்கோடி! இதுதான் பகட்டு உலகத்தின் நீதி.

வீட்டிலே தையல் இயந்திரம் வைத்துப் பை தைக்கும் நம் தாய்மாருக்கு எப்படிக் கூலி? நாட்கூலி அல்ல, உருப்படிக் கூலி. பைக்கு இத்தனை ரூபாய் என்று பேசுவார்கள். நூல் யாருடையது? அவளுடையது. ஊசி முறிந்தால்? அவளுடையது. மின்கட்டணம்? அவளுடையது. தையல் கோணல் என்று திருப்பி அனுப்பினால் நட்டம் யாருக்கு? அவளுக்கே! இலாபத்திலே மட்டும் அவள் பெயர் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு வாயில் உண்டு, அந்த வாயிலிலே கொடி ஏற்றலாம், கூட்டம் போடலாம். அடுப்பங்கரையே ஆலையாகிவிட்டவள் எந்த வாயிலிலே நின்று குரல் கொடுப்பாள்?

இங்கிலாந்தின் வரலாறு இதற்கு வழி காட்டுகிறது. 1843ஆம் ஆண்டு, தாமஸ் ஹூட் என்ற கவிஞர், சட்டை தைக்கும் ஏழைப் பெண்ணின் துயரைப் பாட்டாக எழுதி 'பஞ்ச்' இதழிலே வெளியிட்டார். நாடே உருகிற்று. உருகியது உள்ளம், உயர்ந்ததா கூலி? இல்லை! 1906ஆம் ஆண்டு லண்டனிலே ஒரு பொருட்காட்சி வைத்தார்கள். வீட்டிலிருந்தே குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள் செய்த பொருள்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன கூலி கிடைத்தது என்பதையும் காட்டினார்கள். பார்த்தவர் திகைத்தார்கள். மூன்றே ஆண்டிலே, 1909இலே, ஆயத்த ஆடை தையல், அட்டைப்பெட்டி, இயந்திர லேஸின் முடிப்பு வேலை, சங்கிலி ஆகிய நான்கு தொழில்களுக்குக் குறைந்த கூலி நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் முதலாளிகள் இழுத்தடித்தார்கள். 1910ஆம் ஆண்டு கிராட்லி ஹீத் என்ற ஊரிலே, கொல்லைப்புற உலையிலே சங்கிலி அடிக்கும் பெண்கள், மேரி மக்கார்தர் தலைமையிலே பத்து வாரம் வேலை நிறுத்தம் செய்து, மணிக்கு இரண்டரைப் பென்னி என்ற கூலியை வாங்கினார்கள். பாட்டு 66 ஆண்டுகளிலே செய்யாததை, பொருளோடு கூலியையும் காட்டியது மூன்றாண்டிலே செய்தது!

1996ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்றத் தொழிலாளருக்கு இணையாக நடத்த வேண்டும் என்று 177ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆகவே, நாம் கேட்பது மூன்று. ஒன்று, பையின் மேலே கடையின் பெயரை அச்சிடுகிறீர்கள், விலையை அச்சிடுகிறீர்கள். தைத்தவருக்குத் தந்த கூலியையும் அச்சிடுங்கள். அரசு வாங்கும் பைகளிலே முதலில் அச்சிடட்டும். இரண்டு, புதுப் பை தரும் இயந்திரம் நிற்கும் சந்தையிலேயே, கிழிந்த பையையும் அறுந்த கூடையையும் செப்பனிட்டுத் தரும் ஒருவருக்கு ஓர் இடமும் ஒரு நாற்காலியும் கொடுங்கள். மூன்று, உருப்படிக் கூலியைப் பேசும்போது நூலையும் ஊசியையும் மின்சாரத்தையும் கணக்கிலே சேர்த்துப் பேசுங்கள்.

தோழர்களே! உங்கள் தெருவிலே தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கே போய், "அம்மா, பைக்கு என்ன தருகிறார்கள்? செலவு போக என்ன நிற்கிறது?" என்று கேளுங்கள். கேட்டதைத் தாளிலே எழுதுங்கள். பத்து வீட்டுக் கணக்கு ஒரு தெருவின் கணக்கு. பத்துத் தெருக் கணக்கு ஓர் ஊரின் குரல். அந்தத் தாளை மடித்து மஞ்சள் பையிலே போட்டுக்கொண்டு வாருங்கள். பத்திரம் சுமந்த பை, இனிப் பாட்டாளியின் கணக்கையும் சுமக்கட்டும்!