15 வயசு கார்: எஃப்.சி. காட்டுவதா, தள்ளிவிடுவதா? கடைசி மாசத்துல யோசிச்சா நஷ்டம்தான்!

உங்க வீட்டு காரோட ஆர்.சி.யை கடைசியா எப்ப பார்த்தீங்க? எம்பரிவாஹன் ஆப்ல வண்டி நம்பரைத் தட்டினாலே போதும், பதிவு எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று ஒரு வரி வரும். 2011-ல் பதிவான காராக இருந்தால், அந்தத் தேதி 2026-க்குள் இருக்கும்.

அவிநாசிபாளையம் நால்ரோட்டில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் இந்தக் கேள்வி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று புரியும். (அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. கூகுள் மேப்பை நம்பி வந்து அரை நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.) ஒரு பக்கம் பல்லடம், காங்கேயம் ரோடு, இன்னொரு பக்கம் திருப்பூர், தாராபுரம் ரோடு. திருப்பூர் பக்கம் திரும்பும் கார்களில் பாதி புதுசு. மீதி ஆல்டோ, ஐ10, இண்டிகா, வெள்ளை ஆம்னி. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமாகி, பனியன் கம்பெனி சம்பளத்தில் முதன்முதலாக கார் வாங்கிய குடும்பங்களின் வண்டிகள் அவை. வாங்கியது அப்பா. ஓட்டுவது இப்போது மெர்ச்சண்டைசராகவோ, ஆடிட்டர் ஆபீஸிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ. முடிவெடுக்க வேண்டியதும் இவர்கள்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "15 வருஷம் ஆயிட்டா காரை ஓட்டவே கூடாதாமே?" என்று வாட்ஸ்அப்பில் வருவது டெல்லி சங்கதி. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டி, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி என்ற தடை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் பகுதிக்குப் போட்டது; 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதையும் பிறகு டெல்லியிலேயே தளர்த்த வேண்டி வந்தது. நம் ஊருக்கு அது பொருந்தாது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது கடந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி அரசு வாகனங்களுக்கு மட்டும். நம்ம சொந்தக் காருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 41-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பதிவு 15 ஆண்டு செல்லும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். வண்டி தகுதியோடு இருக்கிறவரை எத்தனை முறை வேண்டுமானாலும்.

சிங்கப்பூரில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே இது வேற லெவல் தலைவலி. 1990-லிருந்து அங்கே கார் வைத்திருக்கவே ஏலத்தில் எடுக்கும் உரிமச் சான்று வேண்டும், சிஓஇ என்பார்கள். பத்து வருஷம்தான் ஆயுள். முடிந்தால் கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி இன்னும் ஐந்தோ பத்தோ வருஷம் நீட்டலாம். ஐந்து வருஷத்துக்கு நீட்டினால் மறுபடி நீட்ட முடியாது. நீட்டுகிற நேரத்தில், காரை ஒப்படைத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போய்விடும். சமீப ஆண்டுகளில் சின்ன கார் பிரிவிலேயே ஏல விலை ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. அங்கே உரிமத்தின் விலைதான் பிரச்னை, காரின் விலை அல்ல.

நமக்கு அப்படியே தலைகீழ். உரிமம் மலிவு. ஆனால் அந்த மலிவை நம்பி கடைசி நாள் வரை சும்மா இருந்துவிடுகிறோம். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு ஆகும்?

2022 ஏப்ரல் வரை காருக்குப் பதிவு புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாய். அதன்பின் 5,000. பைக்குக்கு 300-லிருந்து 1,000. 2025 ஆகஸ்டில் இன்னொரு திருத்தம் வந்தது: 20 வயது கடந்த காருக்கு 10,000, பைக்குக்கு 2,000. இதற்கு மேல் சோதனைக் கட்டணம், தமிழக அரசின் பசுமை வரி தனி. பணம் கட்டும் நாளில் பரிவாஹன் போர்ட்டல் காட்டும் தொகைதான் இறுதி. ஏஜென்ட் வாயால் சொல்லும் 'மொத்தமா இவ்ளோ' என்பதை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

படிவம் 25-ஐ ஆர்.சி. முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். அதற்கும் முன்னால் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாமதமானால் காருக்கு மாசம் 500 ரூபாய் கூடுதல், மாசத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாசக் கணக்கு. "ஓட்டறதே இல்லையே, ஷெட்லதானே நிக்குது" என்று ஒரு வருஷம் விட்டால் 6,000. புதுப்பிக்கும் கட்டணத்தை விட லேட் ஃபீஸ் அதிகம்.

பணத்தை விடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். பதிவு காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டினால் பதிவில்லாத வண்டி ஓட்டிய கணக்குதான். முதல் முறைக்கே 5,000 வரை அபராதம். அபராதத்தையாவது கட்டிவிடலாம். விபத்தோ திருட்டோ நடந்தால்? தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டிகள் தொடர்பான இரண்டு வழக்குகளில், 2014-லும் 2021-லும், உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கமே நின்றது. செல்லும் பதிவு இல்லாமல் வண்டியைப் பயன்படுத்துவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்றது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும் கை விரித்துவிடுவார்கள் என்று அர்த்தம். தாராபுரம் ரோட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து டூவீலரில் வருகிற ஒருவர் மேல் மோதிவிட்டால், அந்த நஷ்டஈடு கடைசியில் உங்க வீட்டு வாசலுக்கு வரலாம்.

எப்ப முடிவெடுக்கணும்?

என் அபிப்ராயம்: 15-வது வருஷத்தில் இல்லை, 13-வது வருஷம் முடியும்போது.

காரணம் சந்தை. இரண்டு வருஷம் ஆர்.சி. பாக்கி இருக்கும் காரை வாங்குபவர் காராகப் பார்ப்பார். மூணு மாசம் பாக்கி இருக்கும் காரைப் பார்க்கும்போது, எஃப்.சி. செலவு, டிங்கரிங், பெயின்டிங், அலைச்சல் எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டி உங்கள் விலையில் கழிப்பார். விற்பதென்றால் முன்னாலேயே விற்க வேண்டும். இல்லையென்றால் எஃப்.சி. காட்டி ஐந்து வருஷமும் முழுசாக ஓட்டித் தீர்க்க வேண்டும். எஃப்.சி. காட்டி ஆறே மாசத்தில் விற்பவர், செலவழித்ததைத் திரும்ப எடுப்பது அபூர்வம்.

அந்த 13-வது வருஷத்தில் நம்பிக்கையான பட்டறைக்கு ஒருமுறை வண்டியை எடுத்துப் போங்கள். சர்வீஸுக்கு இல்லை, அபிப்ராயம் கேட்க. "ஏனுங்ணா, இன்னும் ஆறேழு வருஷம் தாங்குமுங்களா?" என்று நேராகவே கேட்கலாம். நல்ல மெக்கானிக் இன்ஜினைப் பற்றிக் கடைசியாகத்தான் பேசுவார். முதலில் காலடி மேட்டைத் தூக்கி ஃப்ளோரைத் தட்டிப் பார்ப்பார். கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு, டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் குழி, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம். கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் காசு கொடுத்தால் புதுசாகிவிடும். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், ஒட்டு போட்டு பெயின்ட் அடித்தாலும் உள்ளுக்குள் தின்றுகொண்டேதான் இருக்கும். சாஸி நம்பர் அடித்திருக்கும் இடத்தில் துரு ஏறி எழுத்து மங்கியிருந்தால் எஃப்.சி. அன்றைக்கே சிக்கல்; பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

பெட்ரோலும் ஒரு கணக்கு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 15 வருஷப் பழைய கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஃபியூயல் ஹோஸ், ரப்பர் வாஷர் இவற்றை ஒருமுறை மாற்றும் செலவையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி மறுபக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால் நம் மாநில ஆயுள் வரி 2023 நவம்பரில் ஏறியதை ஷோரூம் விளம்பரம் சொல்லாது: 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. 7 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டுமே 91,000. ஆறு லட்சம் லோன், 9% வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாசம் சுமார் 12,450 இ.எம்.ஐ.

நான் வைத்திருக்கும் கோடு இது: பட்டறை எஸ்டிமேட்டும் எஃப்.சி. செலவும் சேர்ந்து ஆறு மாச இ.எம்.ஐ.க்குள், அதாவது சுமார் 75,000-க்குள் இருந்து, அடித்தகடும் நன்றாக இருந்தால் புதுப்பித்துவிடலாம். தாண்டினால் விற்றுவிடலாம். இது சட்டமும் இல்லை, சூத்திரமும் இல்லை. தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கும், வாரம் ஒருமுறை கோயிலுக்கு எடுப்பவருக்கும் கோடு வேறு இடத்தில் விழும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், ஏர்பேக் கூட இல்லாத பழைய காரை ஹைவேயில் ஓட்டலாமா என்பது பணக்கணக்குக்குள் வராத கேள்வி. அங்கே நான் புதுசின் பக்கம்தான்.

ஆனால் திருப்பூரை நம்பிச் சம்பளம் வாங்குபவர்கள் இ.எம்.ஐ.யை மற்ற ஊர்க்காரர்கள் மாதிரி பார்க்க முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது என்ன ஆனது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எத்தனை ஆர்டர் நின்றது என்று மெர்ச்சண்டைசர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி போனஸ் வந்த கையோடு ஷோரூமுக்குப் போவதற்கு முன் இதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். கடனில்லாத பழைய கார் ஓட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லைங்க.

ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு

2019-லேயே ஆம்னி உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கம் அதற்கு மவுசு குறையவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்: பின் சீட்டைக் கழற்றினால் ஜாப் ஒர்க் பீஸ் மூட்டை ஏறும். ஒயிட் போர்டு வண்டியில் கூலிக்கு மூட்டை ஏற்றுவது விதிமீறல், விபத்தானால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். எஃப்.சி.க்குப் போகும்போது சீட்டு இருந்த இடத்தில் சீட்டு இருக்க வேண்டும். கேஸ் கிட் மாட்டியிருந்தால் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும், சிலிண்டர் சோதனைச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். தொழிலே மூட்டை ஓட்டுவதுதான் என்றால், 15-வது வருஷம் அந்த வண்டியை விட்டுவிட்டு மஞ்சள் போர்டுக்கு மாற நல்ல சந்தர்ப்பம். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தொல்லை உண்டு, ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காசை வாங்கி சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெயர் மாறாதவரை நீங்கள்தான் உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 போட்டு, ஆப்பில் பெயர் மாறியதைக் கண்ணால் பாருங்கள். காயலான் கடைக்குப் போடுவதும் இதே கதைதான். பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்று வாங்கினால்தான் பதிவு ரத்தாகும். அந்தச் சான்றைக் காட்டினால் புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் விலக்கு. வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 20 வயது ஆனதும் கட்டணத்தை இரட்டிப்பாக்கும் விதி வண்டியின் பிறந்த தேதியை மட்டும்தான் பார்க்கிறது. ஓடிய கிலோமீட்டரையோ, புகையையோ பார்ப்பதில்லை. வருஷம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் மாருதி 800-ம், மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் கரும்புகை தள்ளும் டீசல் வண்டியும் ஒரே கட்டணம் கட்டுகின்றன. புகைதான் பிரச்னை என்றால் புகையை அளந்து கட்டணம் போடலாமே. புகைச் சான்று சோதனையை ஒழுங்காக நடத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கடைசியாக, பேப்பர். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். லோன் முடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும்; ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். பேங்க்கின் என்.ஓ.சி.யோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும். போர்ட்டலில் இருக்கும் மொபைல் நம்பர் அப்பாவின் பழைய நம்பராக இருந்தால் ஓ.டி.பி. வராது. கோயம்புத்தூர் முகவரியில் வாங்கிய கார் என்றால் முகவரி மாற்றம் வேண்டும். இ-செலான் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்பா தவறியிருந்தால் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து முதலில் பெயரை மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் அந்த 60 நாள் பத்தவே பத்தாது. ஆர்.சி. முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.