ஆசைப் பட்டியலில் அம்மாவுக்கும் ஒரு வரி!



'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் வேளாவேளைக்குக் கிடைத்துவிடுகிறது. நம்மைப் போன்ற வீடுகளில் ஆசைப்பட்டுக் கெட்டவர் யார்? ஆசையை வாய்விட்டுச் சொல்லாமலே வயதாகிப் போனவர்கள்தான் அதிகம்.

முழுப்பரீட்சை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, இந்த லீவுக்கு யாருக்கு என்ன வேணும் என்று எழுதுவோம். வீட்டில் முதலில் படிக்க வந்தவள் என்பதால் எழுதுகிற வேலை என்னுடையது. தம்பிக்கு கிரிக்கெட் மட்டை. தங்கைக்குக் குற்றாலம். நூல் மில்லில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஒரு கூடை சப்பட்டை மாம்பழம். அம்மா மட்டும், "எனக்கென்னடி வேணும்? நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்பாள். அவள் பேருக்கு நேராக ஒரு கோடு.

எத்தனை வீடுகளில் இந்தக் கோடு விழுகிறது!

பொம்பளைக்கு எதுக்கு ஆசை என்று கேட்பவர்கள், ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரைமணியில் வரும் ஸ்ரீவில்லிபுத்தூரை நினைத்துப் பார்க்கட்டும். அது ஆண்டாளின் ஊர். திருப்பாவையின் 26-ஆம் பாசுரமே ஒரு பட்டியல்தான்! சங்கு, பறை, பல்லாண்டு பாடுவோர், விளக்கு, கொடி, விதானம் என்று வரிசையாகக் கேட்கிறாள். 27-இல் நகை, புத்தாடை, நெய் வழியும் பால்சோறு. நாச்சியார் திருமொழியில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். சில நூற்றாண்டு கழித்து வந்த ராமானுஜர் அந்த நேர்த்தியைச் செய்து முடித்தார், அதனால் ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாள் என்பது வைணவ மரபு. அவள் பாடி வைத்ததால்தானே பின்னால் வந்தவருக்குத் தெரிந்தது? சொல்லாத ஆசையை எந்த அண்ணனும் நிறைவேற்ற முடியாது.

'பட்டியல் போட்டா பிள்ளைங்களுக்குப் பேராசை வந்துரும்' என்பார்கள். எழுதினால்தான் கணக்கே தெரிகிறது! மட்டையும் குற்றாலமும் ஒரே சம்பளத்தில் நடக்காது என்பது பட்டியலைப் பார்த்த பிறகுதான் தம்பிக்குப் புரிந்தது. 'அடுத்த வருஷம்' என்று அவனே எழுதிக்கொண்டான். 'சும்மா கிட' என்று அதட்டி உட்கார வைத்திருந்தால் ஏக்கம்தான் மிஞ்சியிருக்கும்.

போன கோடையில் அம்மாவை நாங்கள் விடவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் சொன்னாள்: "அய்யனார் கோவில் அருவியை ஒரு தடவை பாக்கணும்." ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கல்யாணமாகி வந்து 20 வருஷம் ஆகிறது. போய்வரும் செலவு பெரிசில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கோடையில் அருவி வற்றிக் கிடக்கும். அதனால் மழைக்காலம் வரை தாளைச் சுவரிலேயே விட்டுவைத்தோம். போய்வந்த அன்று, தன் பேருக்கு நேராக அம்மாவே டிக் போட்டாள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பேனா பிடித்தவர்கள். அந்தப் பேனா நம்முடைய பரீட்சைக்கு மட்டும்தானா? இந்த விடுமுறையில் ஒரு தாளை எடுங்கள். முதல் வரியை அம்மாவுக்கு ஒதுக்குங்கள். 'ஒண்ணும் வேண்டாம்' என்று சொன்னால் கோடு போட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்!