‘இல்லை’ என்று சொல்லும் துணிவு

இல்லாதவனிடம் கேட்டால் ‘இல்லை’ என்பான். நாமும் வேறு வழி பார்ப்போம். ஆனால் இல்லை என்றும் சொல்லாமல், கொடுக்கவும் செய்யாமல், ‘இரு, இரு’ என்று வாசலிலேயே நிறுத்தி வைப்பவனை என்னென்பது? லினக்ஸ் கெர்னலின் கதை ஏறக்குறைய இதுதான்.

கெர்னலுக்குள் நினைவகம் கேட்பவர், ‘கிடைக்காமலும் போகலாம்’ என்று எண்ணியே நிரல் எழுத வேண்டும் என்பது பாடம். நடைமுறையோ வேறு. எட்டுப் பக்கங்கள் வரை, அதாவது பக்கம் ஒன்றுக்கு 4 கிலோபைட் எனில் 32 கிலோபைட் வரை, கேட்கும் சாதாரண வேண்டுகோளைக் கெர்னல் பெரும்பாலும் மறுப்பதில்லை. கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கும். நினைவகம் அறவே வற்றினால், ஓடும் நிரல்களுள் ஒன்றைக் கொன்று இடம் தேடும்.

இதில் என்ன தீங்கு என்பீர்கள். 2014-இல் கெர்னல் வல்லுநரிடையே இதுபற்றிப் பெரும் விவாதமே எழுந்தது. கோப்பு முறைமை ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகத்துக்குக் காத்திருக்கிறது. கொலைக்குக் குறிக்கப்பட்ட நிரலோ, அதே பூட்டு கிடைத்தால்தான் வெளியேற முடியும். அது செத்தால்தான் நினைவகம். நினைவகம் வந்தால்தான் பூட்டு. பூட்டு வந்தால்தான் சாவு! முடிவு? இயந்திரம் உறைந்து நிற்கும். 2016-இல் வந்த 4.6 பதிப்பில், அந்த நிரல் வெளியேறும்வரை காத்திராமல் அதன் நினைவகத்தைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடு சேர்ந்தது. நோய் தணிந்தது, வேர் அறவில்லை.

‘அப்படியானால் மறுத்துவிடச் சொல்லலாமே’ என்பர் சிலர். அங்கேதான் அச்சம். மறுப்பே வராததால், மறுப்பைக் கையாள எழுதிய வரிகளுள் பல ஒருநாளும் ஓடியதில்லை. ஓடாத வரியில் பிழை உறங்கும்: பெற்றதைத் திருப்பித் தராத பிழை, பூட்டைத் திறவாமல் வெளியேறும் பிழை. பழக்கத்தை மாற்றினால் அவையெல்லாம் ஒரே நாளில் விழித்துக்கொள்ளும் அன்றோ?

ஆயினும், அஞ்சி அப்படியே விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது என்பதே என் கருத்து. 2007-இல் வெளியான 2.6.20 பதிப்பிலேயே, நினைவக வேண்டுகோளை வேண்டுமென்றே தோற்கச் செய்து சோதிக்கும் வசதி வந்துவிட்டது. கெர்னலைத் தொகுக்கும்போது அதை இணைத்துக்கொள்ள எவருக்கும் தடையில்லை. இருந்தும் நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்? தேர்வுக்கு எழுதும் நிரலில் ‘கிடைக்காவிடில்’ என்று ஒரு வரி சேர்த்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறோம்.

மாணவத் தோழர்களே! நாளை மருத்துவமனைக் கருவிக்கும் தொடர்வண்டிச் சைகைக்கும் நிரல் எழுதப்போகிறவர்கள் நாம். இன்றே நம் ஆய்வகத்தில் ஒருமுறையேனும் நம் நிரலுக்கு ‘இல்லை’ என்று சொல்லிப் பார்ப்போம். அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாமே முதலில் காண்போம்.