அளவுகோல் மலை ஏறுமா?

ஜவ்வாது மலையிலே, காவலூரிலே, 1986 முதல் ஒரு பெருந் தொலைநோக்கி நிற்கிறது. வைணு பாப்பு எனும் வானியல் அறிஞரின் பெயர் தாங்கிய கருவி. எங்கோ மின்னும் விண்மீனின் ஒளியை அளந்து கூறும் ஆற்றல் அதற்கு உண்டு. போற்றுகிறோம்! அதே மலைச் சரிவிலே, நடக்க இயலாத மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் வாழ்வை அளக்க நாட்டிடம் உள்ள கோல் யாது? கேட்கிறோம், தோழர்களே!

முன்வினைப் பயன் என்றது பழமை. அந்தப் புளுகைப் பகுத்தறிவு சாடிற்று. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி, 2010-இல் 'மாற்றுத்திறனாளி' என்று பெயர் தந்தார் கலைஞர். பெயர் மாறிற்று, அளவுகோல் மாறிற்றா?

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் கூறிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 என விரித்தது. வரவேற்றோம். ஆனால், வேலையில் இடஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு வேண்டும். கடும் பாதிப்புக்குத் தமிழ்நாடு தரும் பராமரிப்புத் தொகைக்கு 75; மத்திய ஓய்வூதியத்துக்கு 80. 2024-ஆம் ஆண்டு விதிகளோ அட்டைக்கே வண்ணம் பூசின: 40-க்குக் கீழே வெள்ளை, 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். 74-க்கும் 75-க்கும் இடையே உடலில் உள்ள வேறுபாடு மயிரிழை. உலையில் உள்ள வேறுபாடோ மலையளவு!

அளக்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. அளவு இல்லாத இடத்தில் செல்வாக்கு புகும்; ஏழை பின்னுக்குத் தள்ளப்படுவான். அரைகுறையாக அளக்காதீர் என்கிறோம். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று மருத்துவர் பார்க்கிறார், எண் பிறக்கிறது. தார்ச்சாலையும் பேருந்தும் வாசலில் உள்ள நகரத்தானுக்கும், ஜமுனாமரத்தூருக்கு வரவே காட்டுப் பாதையில் பிறர் தோளேறும் மலைமகனுக்கும் ஒரே எண்! உடற்குறை தடைகளோடு மோதும்போது வாழ்வில் பங்கு மறுக்கப்படுவதே மாற்றுத்திறன் நிலை என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே வரையறை செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் 2001-இல் சூழலைச் சேர்த்தே வகைப்படுத்திற்று. சட்டத்தில் தடை உண்டு, சான்றிதழில் இல்லை. இது நியாயமா?

தேர்வெழுத உதவியாளர் பெற 40 விழுக்காடு கட்டாயமன்று என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண் ஒன்றைக் காட்டியே மருத்துவக் கல்வியை மறுக்கலாகாது என்று 2024-இல் கூறிற்று. நீதிமன்றம் உணர்ந்ததை ஆட்சி மன்றங்கள் உணர எத்தனை ஆண்டு தேவை?

நடக்க இயலாமையை மெய்ப்பிக்க மலையிறங்கி வா என்பது கேலிக்கூத்து. மருத்துவக் குழு மலைக்குச் செல்லட்டும். உடலை அளக்கும் கையே, பாதையையும் பள்ளித் தொலைவையும் துணையாளர் தேவையையும் குறிக்கட்டும். மிகுந்த ஆதரவு வேண்டுவோரைத் தனியே மதிப்பிட, அச்சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி வகுத்திருக்கிறது. அதைச் சவ்வாகக் கிடத்தாமல் செயலாக்குக!

இளைஞர்களே! சிற்றூர்தோறும் செல்லுங்கள். சான்றிதழ் இல்லாதோரைக் கணக்கெடுங்கள்; மனு எழுதித் தாருங்கள்; விடை வரும் வரை கேளுங்கள். விண்மீனை அளந்த அறிவு மனிதனையும் முழுமையாக அளக்கட்டும்!