மொராக்கோவில் மோட்டார்ஹோம்: இருட்டிய இடத்தில் தங்கலாமா?

மொராக்கோவை மோட்டார்ஹோமில் சுற்றுவோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: இருட்டிய இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள், காசும் ஆகாது. ஒரு காலத்தில் இதில் ஓரளவு உண்மை இருந்தது. அகாதிருக்கு வடக்கே தகாசூத் கரையில் குளிர்காலம் முழுக்க ஐரோப்பிய ஓய்வூதியர்களின் வண்டிகள் நின்றன. இன்று அங்கே உல்லாச விடுதிகள் நிற்கின்றன.

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது முதல் பிழை. நகரில் காவல்துறையும் நாட்டுப்புறத்தில் ஜெந்தார்மரியும் கேட்பார்கள். 2018 டிசம்பரில் அட்லஸ் மலையில் இம்லில் என்ற ஊர் அருகே கூடாரத்தில் தங்கியிருந்த இரண்டு ஸ்காண்டிநேவியப் பெண்கள் கொல்லப்பட்டபின் இந்தக் கண்காணிப்பு கூடியது. நள்ளிரவில் கதவைத் தட்டி, வேறிடம் போகச் சொல்வதும் உண்டு. மோட்டார்ஹோம்களுக்கான முகாம்களில் கடவுச்சீட்டு விவரம் எழுதி வாங்கப்படுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

காசு ஆகாது என்பதும் சரியல்ல. ஊர்களின் வண்டி நிறுத்துமிடங்களில் காவலாள் ஒருவர் இருப்பார்; இரவுக்குச் சில பத்து திர்ஹாம் கேட்பார். இதை ஏமாற்று என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் அது அவருடைய பிழைப்பு. இரவெல்லாம் ஓர் ஆள் விழித்திருக்கிறார் என்பதற்கு அது மலிவான விலையும்கூட.

ஆளில்லாத இடமே நல்ல இடம் என்ற எண்ணம்தான் மிகவும் ஆபத்தானது. அட்லஸ் மலைக்குத் தெற்கே வறண்ட ஆற்றுப்படுகைகள் சமமாக, காற்று மறைவாக, வண்டி நிறுத்தவென்றே அமைந்தவைபோல் தெரியும். தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே, தொலைவில் மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். மலையின் வடபுறமும் இதற்கு விலக்கல்ல: 1995 ஆகஸ்டில் ஊரிகா பள்ளத்தாக்கில் வந்த காட்டாற்று வெள்ளம் 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது, கோடை விடுமுறைக்கு ஆற்றோரம் வந்திருந்தவர்களும் அவர்களில் அடக்கம். 2024 செப்டம்பரில் தாத்தா (Tata) பகுதியில் வெள்ளம் ஒரு பேருந்தையே அடித்துச் சென்றது. படுகையைவிட்டு மேட்டில் நிறுத்துவது ஒன்றே வழி. ஆளில்லாத இடங்களில் வேறு தொல்லைகளும் உண்டு: ரிஃப் மலையின் கெதாமா பக்கம் ஹஷிஷ் விற்போரின் தொந்தரவு; மேற்குச் சகாராவில் சாலையைவிட்டு விலகினால் கண்ணிவெடி.

முகாம்கள் அரிது என்பது கடைசி வாதம். ஷெஃப்ஷாவெனில் ஊருக்கு மேலே ஒன்று, திஸ்னித்தில் கோட்டைச் சுவரை ஒட்டி ஒன்று, ஃபெஸ், மிதெல்த், சகோரா எனப் பயணிகளின் வழக்கமான பாதையில் அவை அடுத்தடுத்து வருகின்றன. மெர்சூகாவில் மணற்குன்றோரச் சத்திரங்கள் தம் முற்றத்திலேயே இடம் தருகின்றன. தஃப்ராவுத்தில் ஈச்சந்தோப்பிலும் தங்கலாம். சிறு கட்டணம் உண்டு. கழிவறைத் தொட்டியைக் காலிசெய்யவும் தண்ணீர் பிடிக்கவும் எப்படியும் சில நாளுக்கொரு முறை முகாமுக்குப் போயாக வேண்டும். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் தென்கரை முகாம்கள் நிரம்பிவிடும். அங்கே பிற்பகலுக்குள் போய்ச் சேர்வது நல்லது.